முகப்பும் மூலமும்: வீடியோ விளையாட்டு அட்டைகளும் கண்டிக் கட்டடங்களும்

ஒன்றைப்போல் மற்றொன்று தோன்றுமாயின், அவ்விரண்டிற்கும் உள்ள உறவு யாது என வினவுதல் மனித அறிவின் இயல்பு. குழந்தை தாயின் முகச்சாயலைத் தாங்குவது பிறப்பினால். கண்ணாடியில் தோன்றும் உரு அவளைப் போலிருப்பது ஒளியினால். ஓவியன் எழுதிய படம் அவளை ஒத்திருப்பது பயிற்சியினால். சாயல் ஒன்றே, அது வந்த வழி வேறு. வழியை ஆராயாது சாயலை மாத்திரம் கொண்டு உறவு கூறுவோர், கண்ணாடியிற் கண்ட உருவைப் பிள்ளையென்று தொட்டிலில் இட முயல்வாரை ஒப்பர்.

இவ்வுண்மை வரலாறு பயிலும் மாணவர்க்கு இக்காலத்திற் புதியதோரிடத்திற் பயன்படுகின்றது. வீடியோ விளையாட்டுக்கள் விற்கப்படும் பெட்டிகளின் மீதும், அவற்றைத் தெரிந்தெடுக்கும் திரைகளின் மீதும் அச்சிடப்பெறும் அட்டைப் படங்களிற் கோபுரங்களும், குவிமாடங்களும், இடிந்த கோயில்களும் பெருவழக்காகக் காணப்படுகின்றன. அவற்றைக் காணும் இளைஞர், இஃது இன்ன நாட்டுக் கட்டடத்தைப் பார்த்து வரைந்தது என ஒருவரோடொருவர் வாதிடுவர். அவ்வாதம் சில வேளைகளில், ‘எங்களுடையதை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்’ என்ற அளவிற்கும் வளரும். விளையாட்டைப் பற்றிய இப்பேச்சும், நம் நாட்டிற் கோயில்களையும் விகாரைகளையும் பற்றி முதியோர் பேசும் பேச்சும் ஒரே பிழையை அடித்தளமாகக் கொண்டவை. ஆதலின் ஒப்புமையை எடைபோடும் முறையை விளையாட்டு அட்டையிற் பழகிக் கொள்ளுதல் வீண்செயலன்று.

ஒரு கட்டடத்தின் சாயல் பிறிதோரிடத்திற் சென்று சேரும் வழிகளை நான்காகப் பகுக்கலாம். கட்டிய கைகளே இடம்பெயர்ந்து அச்சாயலைக் கொண்டு செல்வது கைவழி. கட்டடத்தை நேரிற் கண்டவர் அதனைப் பின்பற்றி அமைப்பது கண்வழி. கட்டடத்தைக் காணாது அதன் படத்தைக் கண்டு அமைப்பது படவழி. படமுமின்றி, பிறர் சொல்லக் கேட்டு உருவாக்குவது சொல்வழி. இந்நான்கும் கண்டி நகரிலும் அதன் சூழலிலும் தெளிவான சான்றுகளோடு விளங்குகின்றன.

பெட்டியின்மேற் கோபுரம்

முதலில் விளையாட்டு அட்டைகள் இரண்டனை நோக்குவாம். 1984ஆம் ஆண்டு மொஸ்கோவிலே அலெக்சி பஜித்னோவ் என்பார் ‘டெற்றிஸ்’ என்னும் விளையாட்டை உருவாக்கினார். மேலிருந்து வீழும் கட்டங்களை இடைவெளியின்றி அடுக்குவதே அவ்விளையாட்டு. அதன் முதல் வடிவத்திற் கோயிலும் இல்லை, வண்ணமும் இல்லை, கட்டங்கள் தாமும் எழுத்துக் குறிகளாலேயே காட்டப்பட்டன. 1980களின் இறுதியில் அஃது அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது, பெட்டியின் மீது மொஸ்கோவிலுள்ள புனித பசில் பேராலயம் தன் பன்னிறக் குவிமாடங்களோடு தோன்றியது. நான்காம் ஐவன் மன்னன் கசான் நகரை வென்றமையின் நினைவாக 1555 முதல் 1561 வரை எழுப்பிய ஆலயம் அது. அடுக்கும் கட்டங்களுக்கும் அவ்வாலயத்திற்கும் உறவு யாதுமில்லை. ‘இஃது உருசிய நாட்டுச் சரக்கு’ என்று வாங்குவோனுக்கு ஒரே பார்வையில் அறிவிப்பதற்காகவே அது பெட்டியின் மேல் ஏற்றப்பட்டது. வரலாறும் வழிபாடும் நீங்கி, கட்டடம் ஒரு முத்திரைக் குறியாயிற்று.

இரண்டாவது அட்டை இதனினும் நுட்பமானது. 2001ஆம் ஆண்டில் வெளிவந்த ‘இக்கோ’ என்னும் யப்பானிய விளையாட்டுக்கு, அதனை உருவாக்கிய ஃபூமித்தோ உவேடா தாமே அட்டைப் படம் தீட்டினார். யப்பானிலும் ஐரோப்பாவிலும் வெளிவந்த பெட்டிகளில் இப்படம் இடம்பெற்றது. அமெரிக்காவில் வேறொரு படம் இடப்பட்டது. வெறிச்சோடிய வெளி, உயர்ந்த கட்டடங்கள், நீண்ட நிழல்கள், அவற்றினிடையே மிகச் சிறிய மனித உருவங்கள் இரண்டு என அமைந்த அப்படம், இத்தாலிய ஓவியர் ஜோர்ஜியோ டி கிரிக்கோ வரைந்த ‘எல்லையின்மையின் ஏக்கம்’ என்னும் ஓவியத்தைத் தழுவியது. நியூயோர்க் நவீன கலைக் காட்சிச்சாலையிலுள்ள அவ்வோவியத்தில், கொடிகள் பறக்கும் கோபுரம் ஒன்று நிற்கின்றது. டி கிரிக்கோ 1911இல் தூரின் நகரைக் கண்டவர். அந்நகரின் ‘மோலே அந்தோனெல்லியானா’ என்னும் உயர்ந்த கட்டடத்தின் சாயலை ஓவியக் கோபுரத்திற் காண்போர் பலர். அக்கட்டடமோ 1863இல் யூதர்தம் தொழுகைக் கூடமாகத் தொடங்கப்பெற்று, செலவு மிகுந்து, நகரசபையின் கைக்கு மாறி, 1889இல் முடிவுற்றது. 2000ஆம் ஆண்டு முதல் திரைப்படக் காட்சிச்சாலையாக விளங்குகின்றது.

இனி, இக்கோவின் அட்டை தூரின் கோபுரத்தைப் பார்த்து வரைந்தது என்று ஒருவர் கூறின், அக்கூற்று மெய்யா பொய்யா? கட்டடத்திலிருந்து ஓவியத்திற்கு வந்தது கண்வழி; ஓவியத்திலிருந்து அட்டைக்கு வந்தது படவழி. இடையில் ஒருவர் நின்றார். அவர் தமது தனிமையுணர்வை அதனோடு கலந்தார். அட்டை தீட்டியவர் எடுத்துக்கொண்டது பெரிதும் அவ்வுணர்வையே, கோபுரத்தையன்று. இடைநின்றவரை மறந்து இரு முனைகளை மாத்திரம் இணைப்பது வரலாறாகாது.

காணாதவர் செதுக்கிய கண்டி

பொருளை விற்பதற்கும் விளக்குவதற்கும் தூரதேசத்துக் காட்சியைப் படமாக்கும் வழக்கம் மின்னியற் காலத்திற்றான் தோன்றியதன்று. கண்டியே அதற்குப் பழைய சான்று. 1660ஆம் ஆண்டிற் சிறைப்பட்டு, பத்தொன்பது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்து, 1679இல் தப்பிச் சென்ற ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், தாம் கண்டவற்றை நூலாக எழுதினார். 1681இல் இலண்டனில் வெளிவந்த அந்நூலில் இரண்டாம் இராஜசிங்க மன்னனின் உருவம் உட்படப் பல செதுக்கோவியங்கள் உள்ளன.

நொக்ஸ் கண்டியைக் கண்டவர். ஓவியங்களைச் செதுக்கிய கையோ கண்டியைக் காணாத இலண்டன் கை. மன்னனின் தலையணியை இயேசு சபைக் குருமாரின் தொப்பியோடு ஒப்பிட்டு நொக்ஸ் எழுதினார். தமக்குத் தெரிந்த ஒன்றைச் சுட்டித் தெரியாததை விளக்குவது எழுத்தாளர்க்கு இயல்பே. ஆயின் அச்சொல்லைக் கொண்டு உருவம் அமைக்கும்போது, செதுக்குவோர் மனத்திலுள்ள ஐரோப்பிய வடிவமே தகட்டில் இறங்கும். இதுவே சொல்வழி. நொக்ஸ் தமது வாழ்வின் ஒரு பகுதியைக் கழித்த எலதத்தைக் கிராமம் உடுநுவரையில் உள்ளது. கடலாதெனிய, இலங்காதிலக என்னும் பழம்பெருங் கோயில்கள் நிற்பதும் அதே உடுநுவரையிலேயே. அத்துணை அண்மையில் வாழ்ந்தவரின் நூலுக்குங்கூட, படம் கண்ணாற் கண்டவர் கையிலிருந்து வரவில்லை. அவ்வாறிருக்க, உலகின் மறுகோடியிலிருந்து கீழைநாட்டுக் கோயிலை விளையாட்டு அட்டைக்கு வரைபவர் பிழைபடுவதில் வியப்பொன்றுமில்லை.

எண்கோண மண்டபம்

கண்டியின் படம் எனின் உலகோர் கண்முன் நிற்பது தலதா மாளிகையின் முன்னுள்ள எண்கோண மண்டபமாகிய பத்திரிப்புவ. ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் தலை பொறித்த முத்திரைகள் முதலாக, நாட்காட்டி, பயணிகள் கைந்நூல், பயிற்சிக் கொப்பியின் அட்டை ஈறாகத் தலதா மாளிகை பலவாறு படமாக்கப்பட்டுள்ளது. அப்படங்களிற் பெரும்பாலும் முன்னிற்பது அம்மண்டபமே. ஆயின் அது தந்ததாது வைக்கப்பட்ட இடமன்று. மாளிகையின் உள்ளே அமைந்த இருமாடத் திருக்கோயில் வீர நரேந்திரசிங்கன் (1707 - 1739) காலத்தோடு தொடர்புடையது. எண்கோண மண்டபம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கண்டியின் இறுதி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனுக்காக எழுந்தது. மன்னன் மக்கட்குக் காட்சி தருவதற்கென அமைந்த அதனைக் கட்டுவித்த பெருமை தேவேந்திர மூலாச்சாரி என்னும் அரண்மனைச் சிற்பிக்கு உரியதாகக் கூறப்படும். இக்காலத்தில் அம்மண்டபம் ஏட்டுச்சுவடிகளின் நூலகமாகும்.

அரசன் தன் முகத்தைக் காட்டுவதற்காகக் கட்டிய மண்டபம், கோயிலின் முகமாயிற்று. பின்னர் நகரின் முகமாயிற்று. ஈற்றில் நாட்டின் முகங்களுள் ஒன்றாயிற்று. முகப்பு உள்ளிடத்தை மறைத்து நிற்கும் இந்நிகழ்ச்சியும், டெற்றிஸ் பெட்டியில் ஆலயம் நின்ற நிகழ்ச்சியும் ஓரினத்தவை. வேறுபாடு யாதெனின், பெட்டியைத் திறந்தால் ஆலயம் இல்லை. இங்கோ முகப்பைக் கடந்து உட்செல்வார்க்கு மூலம் உண்டு. முகப்போடு நின்றுவிடுவதே குறை. முகப்பு இருப்பது குறையன்று.

படத்தைக் கொண்டு காலத்தைக் கணிக்கும் பயிற்சிக்கும் இக்கட்டடம் உதவும். தந்ததாது உள்ள இடத்திற்கு மேலே காணப்படும் பொற்கூரை 1987இல் அமைக்கப்பெற்றது. அக்கூரை தோன்றும் படம் எதுவும் அவ்வாண்டிற்கு முற்பட்டதாதல் இயலாது. இத்தகைய சிறு குறிகளைத் தேடிக் காணும் கண்ணே வரலாற்று மாணவனின் முதற் கருவி.

மகுல் மடுவவின் வழித்தோன்றல்கள்

கண்வழிக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, தலதா மாளிகைக்கு அயலிலுள்ள மகுல் மடுவ என்னும் அரசவை மண்டபம். இராஜாதி இராஜசிங்கன் 1783இல் இதன் பணியைத் தொடங்கினான். செதுக்கு வேலைப்பாடமைந்த மரத்தூண்களும், அவை தாங்கும் இருபடிச் சரிவுக் கூரையும், சுவரின்றித் திறந்த பக்கங்களும் இதன் இலக்கணம். 1815 மார்ச் 2ஆம் நாள் கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயர்க்கு உரிமையாக்கிய உடன்படிக்கை வாசிக்கப்பட்டதும் இவ்விடத்தேயாம். ஆங்கிலேயர் காலத்தில் மண்டபம் நீட்டிக்கப்பட்டமையால், இன்று காணப்படுவது அரசர் கண்ட அளவினதன்று.

இம்மண்டபத்தின் சாயல் பின்னர் இரு பெரும் பயணங்களை மேற்கொண்டது. முதலாவது பயணம் மிகக் குறுகியது. கண்டித் திரித்துவக் கல்லூரியின் சிற்றாலயம், அருட்டிரு எல். ஜே. காஸ்ரர் வகுத்த அமைப்பின்படி, 1923இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1935இல் அர்ப்பணிக்கப்பட்டது. திறந்த பக்கங்களும், செதுக்கிய தூண்களும், கண்டிக் கூரையும் கொண்டு, ஐரோப்பியக் கோதிக் வடிவத்தை விலக்கி நிற்கும் கிறித்தவ ஆலயம் அது. ஆயின் தூண்கள் மரமல்ல, கல். இரண்டாவது பயணம் கொழும்பு நோக்கியது. அங்கு 1953ஆம் ஆண்டளவிற் சுதந்திர ஞாபகார்த்த மண்டபம் மகுல் மடுவவை மாதிரியாகக் கொண்டு எழுந்தது. ரி. நெவில் வின் ஜோன்ஸ் தலைமையிலான கட்டடக் கலைஞர் குழு அதனை வகுத்தது. இங்கு மரத்தூணின் வடிவம் கொங்கிரீற்றில் வார்க்கப்பட்டது.

சுதந்திரத்தை இழந்த மண்டபத்தின் வடிவிலேயே சுதந்திரத்தின் நினைவுமண்டபத்தை அமைத்தவர், இழந்த இடத்திலிருந்தே மீட்சியைத் தொடங்கினர் எனலாம். எனினும் கட்டடக் கலையின் நோக்கில் ஓர் உண்மை மறைதலாகாது. மரத்தூணின் தடிப்பும், செதுக்கின் ஆழமும், தூணிடை அகலமும் மரத்தின் வலிமையையும் தச்சனின் உளியையும் பொறுத்தவை. வேறு பொருளிற் சென்ற வடிவம் அக்காரணங்களைப் பின்னே விட்டுச் செல்லும். கண்ணால் எடுத்தது வடிவை. கையால் அறிந்த காரணம் கண்டியிலேயே நின்றுவிட்டது. அதனால் அம்மண்டபம் பொய்யென்பது கருத்தன்று. தன் மூலத்தை மறைக்காது கூறும் பின்பற்றல் மதிப்பிற்குரியதே.

ஒரே ஆண்டு, இரு கோயில்கள்

எஞ்சியது கைவழி. அதனைக் காண்பதற்குப் பிலிமத்தலாவைக்கு அண்மையிலுள்ள பாறைகளின்மீது ஏறுதல் வேண்டும். கம்பளையிலிருந்து ஆண்ட நான்காம் புவனேகபாகுவின் காலத்தில், 1344ஆம் ஆண்டில், கடலாதெனிய விகாரை கட்டப்பெற்றது. அதனை எடுப்பித்தவர் தர்மகீர்த்தி தேரர். கட்டியோருக்குத் தலைமை தாங்கியவர் தென்னிந்தியாவிலிருந்து வந்த கணேசுவராச்சாரி என்பது பாறையிலுள்ள சாசனத்தால் அறியப்படும். கருங்கற் சுவரும், கற்றூண்களும், கருவறைமேற் செங்கல்லாலான சிகரமும் கண்ட எவரும், தமிழ்நாட்டுக் கோயிலொன்றின் முன் நிற்பதாகவே எண்ணுவர். உள்ளே வீற்றிருப்பவர் மகர தோரணத்தின் கீழமைந்த புத்தர் பெருமான்.

இங்கேதான் சாயலை மாத்திரம் நம்புவோர் இரு திசைகளில் வழிதவறுவர். ஒரு சாரார், இது நம்முடையதே என உரிமை கோருவர். மறு சாரார், அச்சாயல் வெறும் அயற்செல்வாக்கு என ஒதுக்குவர். இரு சாராரையும் திருத்துவதற்கு அண்மையிலேயே மற்றொரு சான்று உள்ளது. அதே 1344இல், அதே மன்னன் காலத்தில், அமைச்சர் சேனாலங்காதிகாரரின் முயற்சியால் எழுந்தது இலங்காதிலக விகாரை. அதன் சிற்பித் தலைவரும் தென்னிந்தியரே. சாசனம் அவரை ஸ்தபதி இராயர் எனக் குறிக்கும். பாறையில் சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனமும் பொறிக்கப்பட்டுள்ளது. ஆயின் இக்கோயில் கருங்கற் கோயிலன்று. செங்கல்லால் உயர்ந்து வெண்சாந்து பூசப்பெற்ற இப்பெருங் கட்டடம், பொலன்னறுவைக் காலத்துச் சிங்களக் கட்டட மரபை நினைவூட்டுவது.

தலைமை தாங்கிய இருவரும் தென்னாட்டார். கட்டிய ஆண்டும் ஒன்றே. கோயில்களின் தோற்றமோ வேறு. ஒன்று தென்னாட்டு மரபைக் காட்டும். மற்றொன்று இந்நாட்டு மரபைத் தழுவும். தோற்றத்தை மாத்திரம் கண்டு கட்டியவரின் ஊரைக் கூறப் புகுந்தவர் இலங்காதிலகவில் தோற்பது உறுதி. பாறையிற் பொறித்த பெயரன்றோ அங்கு உண்மை உரைத்தது! கைத்தொழிலில் வல்லவன் தன் மரபை மாத்திரம் சுமந்து செல்பவனல்லன். சென்ற இடத்தின் மரபையும் கற்று அதனைத் திறம்படச் செய்பவன். எனவே இக்கோயில்கள் ஒருவர் மற்றவரிடமிருந்து களவாடியமைக்குச் சான்றல்ல. இரு மொழியினர் ஒரே பாறையிற் சேர்ந்து உழைத்தமைக்குச் சான்று. கண்டி நாட்டில் வாழும் தமிழ் மாணவனும் சிங்கள மாணவனும் ஒருங்கே சென்று காணத்தக்க பாடம் இதனினும் வேறில்லை.

மீண்டும் விளையாட்டிற்கு

இவ்வளவையும் அறிந்தபின் விளையாட்டு அட்டையை மீண்டும் நோக்கின் அது வேறுவிதமாகத் தோன்றும். 2017இல் வெளிவந்த ‘அன்சாட்டட்: லொஸ்ற் லெகசி’ என்னும் விளையாட்டு மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டைக் களமாகக் கொண்டு, ஒய்சளப் பேரரசின் மறைந்த நகரங்களைத் தேடிச் செல்லும் கதையை உடையது. பேலூர், ஹளேபீடு என்னும் பெயர்கள் அதில் வருகின்றன. உண்மையில் அவ்விரண்டும் காட்டில் மறைந்தனவல்ல. கருநாடகத்தில் மக்கள் வாழும் ஊர்கள். 1117இல் விட்டுணுவர்த்தன மன்னன் எடுப்பித்த சென்னகேசவர் கோயில் பேலூரில் இன்றும் வழிபாட்டிலுள்ளது. ஒய்சளச் சிற்பிகள் தம் படைப்புக்களிற் பெயரைப் பொறித்து வைத்தனர். பேலூரில் தாசோஜன், பின்னாளில் சோமநாதபுரத்தில் மல்லிதம்மன் முதலியோர் அவ்வாறு அறியப்படுவர். கணேசுவராச்சாரியின் பெயர் கடலாதெனியப் பாறையில் நிலைத்தது போன்றே, இவர்தம் பெயர்களும் கல்லில் நிலைத்தன.

விளையாட்டின் கற்பனையைக் குறைகூறுதல் நோக்கமன்று. கதைக்குக் காடும் புதையலும் வேண்டியிருக்கலாம். ஆயின் கதையில் ஊர் மறைந்துவிட, சிற்பியின் பெயரும் அதனோடு மறைகின்றது. ஊர் இருக்கின்றது, பெயரும் இருக்கின்றது என்று எடுத்துரைப்பது வரலாறு கற்றவரின் கடமை.

அக்கடமையை இந்நாட்டிற் செய்து காட்டியவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. 1877இல் கொழும்பிற் பிறந்த அப்பெருமகனார், கனிப்பொருள் ஆய்வுப் பணியை மேற்கொண்டு நாட்டைச் சுற்றியபோது, கண்டிக் கிராமங்களின் தச்சர், கொல்லர், ஓவியர், நெசவாளர் ஆகியோரின் தொழில் முறைகளை அறிந்து எழுதினார். ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் அவரது பெருநூல், வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய கையச்சு இயந்திரத்தில், 425 பிரதிகளாக 1908இல் அச்சேறியது. தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஒருவர் சிங்களக் கைவினைக்கு எழுதிய நூல் அது. வடிவத்தைப் படமாக்கியதோடு அமையாது, அதனை ஆக்கிய கை எவ்வாறு தொழிற்பட்டது என்பதையும் அவர் எழுதினார். முகப்போடு நில்லாது மூலத்திற்குச் செல்லுதல் என்பது இதுவே.

மாணவர் செய்யத்தக்கது

ஆகவே ஓர் அட்டைப் படத்தையோ, ஒரு மண்டபத்தையோ, ஒரு கோயிலையோ கண்டு ‘இஃது அதனைப் போன்றது’ என்று மனம் துள்ளும்பொழுது, நான்கு வினாக்களை எழுப்புதல் நன்று. இச்சாயல் கையால் வந்ததா, கண்ணால் வந்ததா, படத்தால் வந்ததா, சொல்லால் வந்ததா? இடையில் நின்றவர் யாவர்? பொருள் மாறியபோது இழந்தது யாது? ஆக்கியோன் பெயர் எங்கேனும் எழுதப்பட்டுள்ளதா? இவற்றுக்கு விடை கிடைக்கும்வரை உரிமை கோருதலும் வேண்டா. பழி சுமத்தலும் வேண்டா.

விளையாட்டுப் பெட்டியைக் கையிலெடுக்கும் சிறுவன் கோபுரத்தைக் கண்டு வியப்பது தவறன்று. அவ்வியப்பே அவனை ஒருநாள் பிலிமத்தலாவையில் வண்டியை விட்டிறக்கி, கடலாதெனியப் பாறையின் மீது ஏற்றி, எழுத்துத் தேய்ந்த வரிகளிடையே ஒரு பெயரைத் தேடச் செய்யுமாயின், அவ்வட்டைப் படமும் தன் கடமையைச் செய்ததாகும். சாயல் வாயிற்படி, பெயரே உள்வீடு.